நாவை இரவல் தந்தவர்கள்

போர்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் தளபதிகளின் பெயர்கள் உண்டு; வீழ்ந்த நகரங்களின் பெயர்கள் உண்டு; சில வேளைகளில் தளபதி ஏறிச் சென்ற குதிரையின் பெயர்கூட உண்டு. இரு தரப்புக்கும் இடையே நின்று பேசிய மொழிபெயர்ப்பாளரின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தொடக்கநூலின் 42-ஆம் அதிகாரத்தில், எகிப்தின் ஆளுநராகிவிட்ட யோசேப்பின் முன் அவருடைய சகோதரர்கள் தானியம் வாங்க வந்து நிற்கிறார்கள். அவர் யாரென்று அவர்கள் அறியார்கள். தங்கள் மொழி அவருக்கு விளங்காதென்று எண்ணித் தங்கள் பழைய குற்றத்தை அவர் முன்னிலையிலேயே பேசிக்கொள்கிறார்கள். காரணம், இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அவர் எந்த ஊரார், யாருடைய மகன், அன்று மாலை வீடு திரும்பி மனைவியிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஒரே வசனத்தில் வந்து, அவ்வசனத்தோடு மறைந்துவிடுகிறார்.

நம் காலத்திலும் அவ்வாறு வந்து மறைந்தவர்கள் பல்லாயிரவர். 2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தானிலும், 2003 மார்ச்சில் ஈராக்கிலும் அமெரிக்கா போர் தொடுத்தது. அந்நாடுகளுக்குச் சென்ற படைவீரருள் அரபு மொழியையோ, தாரி, பாஷ்தோ மொழிகளையோ அறிந்தோர் மிகச் சிலர். ஆகவே ஆங்கிலம் கற்ற உள்ளூர் மக்கள் தேவைப்பட்டனர். பள்ளி ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள் முன்வந்தனர். சிலர் ஊதியத்திற்காக, சிலர் தங்கள் நாடு நல்லதொரு திசையில் திரும்பும் என்னும் நம்பிக்கையினால், பலர் இரண்டுக்காகவும். அவர்களுக்கு அந்த வல்லரசு ஒரு வாக்குக் கொடுத்தது. அவ்வாக்கின் பெயர் ‘சிறப்புக் குடியேற்ற விசா’. அது எவ்வாறு கொடுக்கப்பட்டது, எவ்வாறு காக்கப்பட்டது அல்லது காக்கப்படாமற் போயிற்று என்பதை வாசக அன்பர்களோடு சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பிறருடைய ‘நான்’

மொழிபெயர்ப்பு என்னும் பணியின் ஓரத்தில் நாமும் சில ஆண்டுகள் நின்றிருக்கிறோம். மறைபரப்பு மருத்துவமனை ஒன்று சிற்றூர்களில் நடத்திவந்த முகாம்களில், வெளிநாட்டு மருத்துவர்கள் கூறுவதைத் தமிழில் எடுத்துரைப்பது நமக்கு வாய்த்த வேலை. ஒருமுறை, விவசாயி ஒருவரைப் பரிசோதித்த மருத்துவர், நோய் முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தணிந்த குரலில் கூறினார். அதைத் தமிழில் சொன்னது நம் வாய். நோயாளியின் மனைவி மருத்துவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நம் பக்கம் திரும்பி, “ஐயா, நீங்க நம்ம ஊருக்காரரு, நீங்களே இப்படிச் சொல்லலாமா?” என்று கதறினார். மருத்துவர் அவ்வாரமே அடுத்த ஊருக்குப் போய்விட்டார். நாமோ அந்த அம்மாவை அதன் பின்னரும் ஞாயிறுதோறும் கோவில் வாசலில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மொழிபெயர்ப்பாளனின் நிலை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. பேசுகிறவர் ‘நான்’ என்றால் அவனும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அதுவே அத்தொழிலின் முறை. மருத்துவ முகாமில் இதன் விலை ஒரு பெண்ணின் மனத்தாங்கல். போர்க்களத்திலோ அதன் விலை உயிர். “இவ்வீட்டை நான் சோதனையிடப் போகிறேன்”, “உன் மகனை நான் அழைத்துச் செல்கிறேன்” என்று அந்நிய அதிகாரி தம் மொழியில் கூறுகிறார். ஊராரின் காதில் அது விழுவதோ அவர்களுடைய சொந்த மொழியில், அவர்களுள் ஒருவனுடைய குரலில். தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த அதிகாரி ஓராண்டிற்குள் தம் நாடு திரும்பிவிடுவார். குரலுக்குரியவனோ அடுத்த பள்ளத்தாக்கில் பிறந்தவன். அவனுடைய தந்தையை அறிந்தவர்கள் அந்தக் கடைத்தெருவிலேயே இருப்பார்கள். கோபம் எவன்மீது தங்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

இதனாலேயே ஈராக்கில் பல மொழிபெயர்ப்பாளர்கள் முகத்தை முற்றிலும் மூடும் முகமூடி அணிந்து பணி செய்தனர். படைவீரர்கள் அவர்களுக்கு ‘மைக்’, ‘ஜானி’ என்று புனைபெயர் சூட்டினர். மனைவியிடமன்றி வேறு எவரிடமும் தாங்கள் செய்யும் வேலையைச் சொல்லாதவர்கள் உண்டு. 2008-ஆம் ஆண்டின் இறுதியில், பாக்தாத் நகரில் பாதுகாப்பு மேம்பட்டுவிட்டதென்று கூறி, முகமூடி அணியலாகாதென அமெரிக்கப் படைத் தலைமை ஆணையிட்டது. இணங்காதோர் வேலையை விட்டுவிடலாம் என்றும் கூறப்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்த பின்னரே அவ்வாணை தளர்த்தப்பட்டது. தனக்கு என்ன ஆபத்து என்பதை அறிந்தவன் முகமூடிக்குள் இருந்தவனே. ஆயினும் அவனுடைய மதிப்பீடு கேட்கப்படவில்லை.

அவர்கள் சொற்களை மட்டும் பெயர்த்தவர்களும் அல்லர். வழக்கமாகப் பிள்ளைகள் விளையாடும் தெருவில் இன்று பிள்ளைகள் இல்லையே, முதியவர் வணக்கம் கூறிய விதத்தில் ஏதோ ஒரு தயக்கம் இருந்ததே என்று கண்டு படையினரை எச்சரித்தவர்கள் அவர்களே. 2008 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் கஸ்னி மாநிலத்தில் மாட் செல்லர் என்னும் இளம் அமெரிக்க அதிகாரி தாக்குதலில் சிக்கினார். பின்புறமாக வந்து அவரைக் கொல்ல இருந்த இருவரைச் சுட்டு வீழ்த்தி அவர் உயிரைக் காத்தவர் ஜானிஸ் ஷின்வாரி என்னும் மொழிபெயர்ப்பாளர். அதே ஆண்டு பிப்ரவரியில், பனிப்புயலில் மலையிடையே இறங்க நேர்ந்த ஹெலிகாப்டரில் மூன்று அமெரிக்கச் செனட்டர்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் ஜோ பைடன். அவர்களை மீட்கச் சென்ற சிறு குழுவில் ஆமான் கலீலி என்னும் ஆப்கானிய மொழிபெயர்ப்பாளரும் சென்றார். இவ்விருவரையும் நாம் மறுபடியும் சந்திப்போம்.

ஐம்பது பேருக்கு இடம்

2006 ஜனவரியில் அமெரிக்கா தன் பாதுகாப்புச் செலவினச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. அமெரிக்கப் படையுடன் குறைந்தது 12 மாதங்கள் பணிபுரிந்த ஈராக்கிய, ஆப்கானிய மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் மனைவி மக்களுடன் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற விசா பெறலாம் என்பது அப்பிரிவு. எத்தனை பேருக்கு? இரு நாடுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 50 பேருக்கு! ஆயிரமாயிரம் பேர் உயிரைப் பணயம் வைத்துப் பணியாற்றிக்கொண்டிருந்த காலம் அது.

அவ்வாண்டு டிசம்பரில், ஈராக்கின் பல்லூஜா நகரில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் சார்பில் பணியாற்றித் திரும்பியிருந்த கெர்க் ஜான்சன் என்னும் இளைஞர், தம்முடன் உழைத்த ஈராக்கியரைக் கைவிடலாகாதென்று லாஸ் ஏஞ்சலஸ் நாளிதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். அதைக் கண்ட ஈராக்கியர் பலர் அவருக்கு மடல் எழுதலாயினர். அவர் பெயர்களைப் பட்டியலிடத் தொடங்கினார்; அப்பட்டியலே ஓர் இயக்கமாயிற்று. 2007-இல் ஆண்டுக்கு 50 என்பது ஈராண்டுகளுக்கு மட்டும் 500 ஆக்கப்பட்டது. 2008 ஜனவரியில் ஈராக்கியருக்கு ஆண்டுக்கு 5,000 வீதம் ஐந்தாண்டுகளுக்கும், 2009 மார்ச்சில் ஆப்கானியருக்கு ஆண்டுக்கு 1,500 வீதம் ஐந்தாண்டுகளுக்கும் இடம் ஒதுக்கும் சட்டங்கள் வந்தன. ஓட்டுநர், காவலர், அலுவலக ஊழியர் எனப் பிற பணியாளருக்கும் கதவு திறக்கப்பட்டது.

எண்ணிக்கை உயர்ந்தது, ஆனால் முதல் ஆண்டுகளில் ஒதுக்கிய இடங்களில் மிகச் சிலவே நிரம்பின. விண்ணப்பித்தவர்கள் இல்லாமல் அன்று. கதவு திறந்திருந்தது, அதை அடையும் வழியிலே பதினான்கு படிகள் இருந்தன. அரசின் கணக்கே அது. தூதரகத் தலைமையின் ஒப்புதல், குடியேற்றத் துறைக்கு மனு, விசா மையத்தின் ஆய்வு, நேர்காணல், பாதுகாப்புத் துறைகளின் விசாரணை, மருத்துவப் பரிசோதனை என்று அவை நீண்டன. மருத்துவச் சான்று குறிப்பிட்ட காலத்திற்கே செல்லும். விசாரணை முடியுமுன் அது காலாவதியாகிவிட்டால் மீண்டும் பணம் கட்டிப் பரிசோதிக்க வேண்டும். ஒன்பது மாதங்களுக்குள் முடிவு கூற வேண்டுமென்று பின்னர்ச் சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். இத்தாமதம் நியாயமற்றதென்று 2019 செப்டம்பரில் வாஷிங்டனின் கூட்டாட்சி நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

ஒரு கடிதத்தின் கனம்

இப்படிகளுள் நம் மனத்தை மிகவும் உறுத்துவது முதற்படியில் கேட்கப்படும் ஒரு தாள். தம் மேலதிகாரியாக இருந்த அமெரிக்கரிடமிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒரு பரிந்துரைக் கடிதம் பெற்றுத் தர வேண்டும். கேட்பதற்கு எளியதாகவே தோன்றுகிறது. ஆனால் அந்த அதிகாரி யார்? ஆறு மாதம், ஓராண்டு என்று வந்து போனவர். மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்தது அவருடைய பதவியும், சட்டையில் தைத்திருந்த பெயரின் ஒரு பாதியும். அதிகாரிக்கோ அவர் வெறும் ‘மைக்’. பலரை நேரடியாக வேலைக்கு அமர்த்தியவை ஒப்பந்த நிறுவனங்கள். அவற்றுள் சில மூடப்பட்டன. சிலவற்றின் ஆவணங்கள் தொலைந்தன. பைடனை மீட்கச் சென்ற கலீலியின் விண்ணப்பம் முடங்கியதும், அவரை அமர்த்திய நிறுவனத்திடமிருந்த ஆவணங்கள் தொலைந்தமையால்தான்.

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். களத்தில் மொழிபெயர்ப்பாளன், “அந்தப் பாலத்தின் வழியே போகாதீர்கள்” என்றால் நாற்பது பேர் கொண்ட படைப்பிரிவு நின்றுவிடும். அவன் சொல்லுக்குச் சான்று எவரும் கேட்டதில்லை. அவனுடைய வாயை நம்பி அவர்கள் தங்கள் உயிரை ஒப்படைத்தார்கள். அதே மனிதன் அலுவலகச் சன்னலின் முன் வந்து நின்று, “என் உயிருக்கு ஆபத்து, நான் உங்களுக்காக உழைத்தேன்” என்று கூறும்போது அச்சொல்லுக்கு மதிப்பில்லை, தாள் வேண்டும். பிறருக்காகப் பேசியபோது நம்பப்பட்டவன், தனக்காகப் பேசும்போது நம்பப்படுவதில்லை. இவ்விசாவின் வரலாறு முழுவதையும் இவ்வொரு முரணில் சுருக்கிவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பொய்யறியும் கருவியின் சோதனையில் தேறவில்லை என்று வேலை நீக்கப்பட்டவர்களும் உண்டு. அக்கருவியின் முடிவைப் பல நீதிமன்றங்கள் சான்றாக ஏற்பதில்லை. ஆயினும் அம்முடிவின்பேரில் நீக்கப்பட்டவருக்கு விசாவின் கதவு பெரும்பாலும் அடைபட்டது. தாலிபானுக்கு அந்த வேறுபாடு தெரியாது. 2021 மே மாதம் கோஸ்த் மாநிலத்தில், பண்டிகைக்காகத் தன் சகோதரியை அழைத்துவரக் காரில் சென்ற ஓர் இளைஞர் வழியில் மறித்துக் கொல்லப்பட்டார். அவர் 16 மாதங்கள் அமெரிக்கப் படையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அச்சோதனையில் தேறாமையால் வேலையிழந்தவர். வேலை கொடுத்தவர்களின் ஏட்டில் அவர் நீக்கப்பட்டவர். கொன்றவர்களின் ஏட்டில் அவர் நீங்கவேயில்லை.

இவ்விசாரணைகள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஒரு நாடு தன் வாசலுக்குள் யாரை அனுமதிக்கிறோம் என்று அறிய முற்படுவது அதன் கடமை. பொய்ச் சான்றுகள் விலைக்கு விற்கப்பட்டதும் உண்மையே. ஆனால் விசாரணை என்பது உண்மையைக் கண்டறியும் பொருட்டு நடப்பது. ஆண்டுகள் கடந்தும் ஆம் என்றோ இல்லை என்றோ கூறாத விசாரணை எதையும் கண்டறிவதில்லை. முடிவை வேறு எவரேனும் எடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறது. அம்முடிவைப் பல வேளைகளில் சாலையோரச் சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு நின்றவன் எடுத்தான்.

எரிகோவின் சன்னல்

அந்நியப் படைக்கு உதவிய உள்ளூர்வாசியின் கதை விவிலியத்தில் ஒன்று உண்டு. எரிகோ நகரின் மதில்மேல் வாழ்ந்த இராகாபு, யோசுவா அனுப்பிய ஒற்றர் இருவரைத் தம் வீட்டுக் கூரையில் மறைத்துக் காத்தார். அதற்கு ஈடாக ஓர் உறுதிமொழி கேட்டார். தமக்காக மட்டும் அவர் கேட்கவில்லை. தந்தை, தாய், சகோதரர், சகோதரிகள், அவர்களைச் சார்ந்தோர் அனைவருக்காகவும் கேட்டார். ஒற்றர் ஆணையிட்டனர். சன்னலில் ஒரு சிவப்புக் கயிறு கட்டப்பட வேண்டும் என்பதே அடையாளம். நகர் வீழ்ந்த நாளில் யோசுவா, வாக்களித்த அவ்விருவரையே அவ்வீட்டிற்கு அனுப்பினார். இராகாபின் குடும்பம் முழுவதும் வெளியே கொணரப்பட்டது.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. வாக்களித்தவர்கள் சாதாரண ஒற்றர்கள். ஆயினும் அவ்வாக்கைத் தலைவர் தம்முடையதாக ஏற்றார். அடையாளம் எளியது, ஒரு பெண் தன் கையால் கட்டக்கூடியது. காக்கப்பட்டது தனியொருவர் அன்று, ஒரு குடும்பம். சிறப்புக் குடியேற்ற விசாவோ மனைவிக்கும், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத மக்களுக்குமே பொருந்தியது. மொழிபெயர்ப்பாளரின் தந்தையும் தாயும் சகோதரரும் அதில் அடங்கார். பழிவாங்க வந்தவர்கள் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. தப்பிச் சென்ற பலர் தங்கள் முதிய பெற்றோரை அதே தெருவில், அதே வீட்டில் விட்டுச் சென்றனர்.

அடையாளத்தின் கதையும் வேறாகவே முடிந்தது. இராகாபின் கயிறு அவரைக் காத்தது. மொழிபெயர்ப்பாளர் பெற்ற பாராட்டுக் கடிதங்களும், படையினருடன் நிற்கும் ஒளிப்படங்களும் இருமுனைக் கத்திகளாயின. அவை இருந்தால்தான் விசா. அவை பிடிபட்டால் மரணம். 2021 ஆகஸ்டில் தாலிபான் நெருங்கியபோது, அவற்றை எரிப்பதா, புதைப்பதா, குழந்தையின் உடைக்குள் தைத்து எடுத்துச் செல்வதா என்று ஒவ்வொரு வீடும் தவித்தது. அமெரிக்கத் தூதரகம் தன் ஆவணங்களை அவசரமாக அழித்தபோது, விசாவுக்காக ஆப்கானியர் ஒப்படைத்திருந்த கடவுச்சீட்டுகள் சிலவும் அவற்றோடு அழிந்தன. எதிரியின் கையில் அவை சிக்கலாகாது என்பது காரணம். காரணம் சரியானதே. ஆனால் ஏழாண்டு காத்திருந்து, ஒப்புதலும் பெற்று, கடைசித் தாளையும் நம்பி ஒப்படைத்தவனுக்கு அக்காரணத்தால் என்ன பயன்?

காபூலின் வாயில்

படை திரும்புமென்று 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 18,000 ஆப்கானியரின் விண்ணப்பங்கள் நிலுவையில் இருந்தன. குடும்பத்தினரைச் சேர்த்தால் அத்தொகை பன்மடங்கு. ஜூலை 30 அன்று 200-க்குச் சற்று மிகுந்தோருடன் முதல் விமானம் அமெரிக்கா வந்திறங்கியது. ஆகஸ்டு 15 அன்று காபூல் வீழ்ந்தது. அடுத்த இரு வாரங்களில் ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வான்வழியே வெளியேற்றப்பட்டனர். இது பெருஞ்சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நாட்களில் யார் உள்ளே போவது என்பதைப் பதினான்கு படிகள் முடிவுசெய்யவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ள வலிமை இருந்ததா, வாயிலில் நின்ற படைவீரரின் கண்ணில் கையிலிருந்த தாள் பட்டதா என்பவையே முடிவுசெய்தன. ஆகஸ்டு 26 அன்று அவ்வாயிலில் வெடித்த குண்டு, 13 அமெரிக்கப் படையினரையும் ஏறத்தாழ 170 ஆப்கானியரையும் கொன்றது. கலீலி அன்று உள்ளே செல்ல இயலாதவர்களுள் ஒருவர். அவர் மீட்கச் சென்ற செனட்டர் அப்போது நாட்டின் அதிபர்! பழைய படைவீரர்களின் முயற்சியால் அக்டோபரில்தான் அவர் குடும்பத்துடன் பாகிஸ்தானுக்குள் கடந்தார்.

வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. சிறிய நாடான டென்மார்க், ஈராக்கின் பாஸ்ரா பகுதியிலிருந்து தன் படையைத் திரும்பப் பெறுவதற்கு முன், 2007 ஜூலையில், தன் மொழிபெயர்ப்பாளரும் பிற பணியாளரும் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 200 பேரை ஓசையின்றி விமானத்தில் அழைத்துச் சென்றது. எண்ணிக்கை சிறிது, வேலை எளிதென்பது உண்மை. எனினும், முதலில் உதவியவர்களை அனுப்பிவிட்டுப் பின்னர்த் தாம் புறப்படுவது என்னும் வரிசைக்குப் பெரிய கருவூலம் தேவையில்லை. பிரிட்டனின் அனுபவமோ வேறு. 2021 செப்டம்பரில் அதன் பாதுகாப்பு அமைச்சகம் அனுப்பிய ஒரு மின்னஞ்சலில், ஆபத்தில் இருந்த 250-க்கு மேற்பட்ட மொழிபெயர்ப்பாளரின் முகவரிகள் அனைவருக்கும் தெரியும்படி இடம்பெற்றுவிட்டன. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். தீய எண்ணம் எவருக்கும் இல்லை. தீய எண்ணமின்றியே ஒருவரைச் சாவின் வாயிலில் நிறுத்திவிட முடியும் என்பதே அதில் உள்ள அச்சம்.

தனி மனிதர் காத்த வாக்கு

அரசு தயங்கிய இடத்தில் தனி மனிதர் தயங்கவில்லை என்பது இவ்வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் ஆறுதல். ஷின்வாரிக்கு 2013-இல் வழங்கப்பட்ட விசா சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. செல்லர் மக்களிடம் கையொப்பம் திரட்டினார். சட்டமன்றப் படிகளில் ஏறி இறங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் ஷின்வாரி குடும்பத்துடன் அமெரிக்கா வந்து சேர்ந்தார். அவருக்கெனத் திரட்டிய பணத்தைச் செல்லர் நீட்டியபோது, அதைத் தாம் வைத்துக்கொள்ளாமல், பின்னால் வருவோருக்காகப் பயன்படுத்தக் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து பிறந்தது, ‘எவரையும் பின்னே விட்டுச் செல்லோம்’ என்னும் பொருளுடைய பெயர் கொண்ட ஓர் அமைப்பு. படைவீரன் காத்தது சட்டம் எழுதிய வாக்கை அன்று; மண்மூட்டைகளின் பின்னே தான் வாய்மொழியாய்க் கொடுத்த வாக்கை.

வர்ஜீனியாவில் வாழும் நம் உறவினர் ஒருவர், அங்கு வந்து சேர்ந்த ஓர் ஆப்கானியக் குடும்பத்திற்கு வீடு ஒழுங்குசெய்யப் பங்கு மக்களோடு சென்றார். கட்டில்களையும் பாத்திரங்களையும் அடுக்கி முடித்து, அனைவரும் தரையில் அமர்ந்து தேநீர் அருந்தினார்களாம். அக்குடும்பத்தலைவர் ஒரு பிளாஸ்டிக் உறையை மடியிலேயே வைத்திருந்தாராம். கடிதங்கள், சான்றுகள், ஒளிப்படங்கள். “இனி அது தேவைப்படாதே, அலமாரியில் வைக்கலாமே” என்று நம் உறவினர் கூற, அவர் புன்னகைத்துவிட்டு அதை மடியிலேயே வைத்துக்கொண்டாராம். சில வாரங்கள் கழித்துப் பள்ளியில் சேர்க்கை நடந்தது. தலைவர் வேலைக்குப் போயிருந்தார். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. பத்து வயது மகள் நடுவில் நின்று, அலுவலர் கூறுவதைத் தாய்க்கும், தாய் கூறுவதை அலுவலருக்கும் எடுத்துரைத்தாள். தந்தையின் தொழில் அவளுக்கும் வந்துவிட்டது. நல்லவேளையாக, ஆபத்து இல்லாத இடத்தில்.

இத்தகைய குடும்பங்களை வரவேற்பதில் அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை பல பத்தாண்டுகள் முன்னின்றது. அரசின் நிதியுதவி நிறுத்தப்பட்டதையடுத்து, குடியேறுவோருக்காக அரசுடன் கொண்டிருந்த ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப் போவதில்லையென அந்நாட்டு ஆயர் பேரவை 2025 ஏப்ரலில் அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் வாஷிங்டனில் தேசியக் காவற்படையினர் இருவர் சுடப்பட்டு, ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்க ஆதரவு பெற்ற படைப்பிரிவில் முன்பு பணிபுரிந்த ஓர் ஆப்கானியர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அதையடுத்து, ஆப்கானியக் கடவுச்சீட்டில் விசா வழங்குவதையே அந்த அரசு நிறுத்திவைத்தது. கொல்லப்பட்டவரின் வீட்டில் விழுந்த துயரம் பெரிது. அதை இலேசாக எண்ணுவோர் எவரும் இருக்கலாகாது. ஆயினும் ஒருவன் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம், காத்திருக்கும் அனைவருடைய கணக்கிலும் எழுதப்படுவது நீதியாகுமோ? அவர்கள் பணியாற்றியபோது ஒவ்வொருவரும் தனித்தனியே சோதிக்கப்பட்டார்கள்; தனித்தனியே உயிரைப் பணயம் வைத்தார்கள். புதிய விண்ணப்பங்களைப் பெறுவதற்குச் சட்டம் குறித்திருந்த கடைசி நாள் 2025 டிசம்பர் 31.

பெத்லகேமின் மொழிபெயர்ப்பாளர்

மொழிபெயர்ப்பாளருக்கெல்லாம் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித ஜெரோம், விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்தவர். அவருடைய விழாவான செப்டம்பர் 30-ஐ, அனைத்துலக மொழிபெயர்ப்பு நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2017-இல் அறிவித்தது. அவர் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி பலர் அறியாதது. 410-ஆம் ஆண்டு உரோமை நகர் கொள்ளையிடப்பட்டபோது, வீடிழந்தோர் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்து, அவர் வாழ்ந்த பெத்லகேம் வரை வந்தனர். நேற்றுவரை செல்வராக இருந்தோர் இன்று கையேந்தி நின்றனர். ஜெரோம் அப்போது எசேக்கியேல் நூலுக்கு விளக்கவுரை எழுதிக்கொண்டிருந்தார். அவ்வேலையை நிறுத்திவைத்துவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கலானார். வாழ்நாளெல்லாம் சொற்களோடு உழைத்த அப்பெரியார், சொற்களை விட்டு எழ வேண்டிய வேளையையும் அறிந்திருந்தார்.

கொடுத்த வாக்கைக் காப்பதென்பதும் அத்தகைய வேளைதான். அது வல்லரசுகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. நாம் அனைவரும் பிறர் நாவை இரவல் பெற்றே வாழ்கிறோம்: அயலூரின் காவல் நிலையத்தில், வேற்று மாநிலத்தின் மருத்துவமனையில், மொழி தெரியாத இரயில் நிலையத்தில் யாரோ ஒருவர் நமக்காகப் பேசியிருக்கிறார். காரியம் முடிந்ததும் நன்றி கூறி நகர்ந்துவிட்டோம். அடுத்த முறை அவ்வாறு ஒருவர் நமக்காக வாய் திறக்கும்போது, அவர் பெயரைக் கேட்டறிவோம். அவர் நமக்காகப் பேசியதால் அவருக்கு ஏதேனும் இடர் வருமோ என்று எண்ணிப் பார்ப்போம். வந்தால், நாம் பேச வேண்டிய முறை அது என்பதை நினைவில் வைப்போம். நமக்காக நாவை இரவல் தந்தவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன், அவருக்காக நம் நாவைத் தருவதே.